சத்தம் வந்தால்தான் சாப்பாடு

என் தங்கை பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிறவள். வெள்ளை வேண்டும் என்று யாராவது வந்து நின்றால், "எந்த வெள்ளைங்க?" என்று கேட்பாள். வந்தவர் முழிப்பார். பால் வெள்ளை, எலும்பு வெள்ளை, துவைத்துத் துவைத்துப் பழசான துணி வெள்ளை என்று அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் போடுவாள். "அம்மா, நான் சுவத்துக்குப் பெயிண்ட் வாங்க வந்தேன், பொண்ணு பார்க்க வரலை" என்று ஒருவர் சொன்னதாக அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்த ஆளும் அடுத்த முறை அவளைத் தேடித்தான் வந்தார்.

கடையில் ஓர் இயந்திரம் இருக்கிறது. வெள்ளை டின்னைத் திறந்து அதன் வாய்க்குக் கீழே வைத்து, நிறத்தின் எண்ணைத் தட்டினால் 'பீப்' என்று சத்தம் வரும். சத்தம் வந்த பிறகுதான் சாயம் சொட்டும். அப்புறம் டின்னை மூடிக் குலுக்க வேண்டும். மற்றவர்கள் அத்தோடு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இவள் ஒரு துளியை மூடியின்மேல் தடவிக் காயவைத்து, வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய், வாடிக்கையாளர் கொண்டுவந்த சுவர்ச் சில்லோடு ஒட்டிவைத்துப் பார்ப்பாள். "இன்னும் ஒரு சொட்டு" என்பாள். கடையில் அவளுக்கு 'ஒரு சொட்டு' என்றே பெயர். முதலாளிகூட, "ஒரு சொட்டைக் கூப்பிடுப்பா" என்றுதான் சொல்வார்.

நான் அவளுக்கு மூத்தவள். கடைத்தெருவின் பின்பக்கம் துணிகளைப் பிரித்துத் தைத்து, இறுக்கி, தளர்த்திக் கொடுக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுதுவதற்கு எனக்கு வேறு எந்தத் தேவையும் வந்ததில்லை. இப்போது எழுதுவது, என் கடைக்கு வருகிறவர்கள் ஊசியில் நூல் கோக்கும் நேரத்துக்குள் என் தங்கையைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவதால். "பிள்ளையைச் சாப்பிட வைக்கிற வழி கையிலயே இருந்துச்சாம், வேணாம்னுட்டாளாம், இவள்ளாம் ஒரு அம்மாவா" என்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தீர்ப்பை அப்புறம் சொல்லட்டும்.

அவள் மகளைச் சிட்டு என்று கூப்பிடுவோம். ஆறு வயது முடிந்துவிட்டது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு நாலைந்து வார்த்தைதான். ஆனால் காது அப்படிப்பட்ட காது. மாடிப்படியில் ஏறுகிறவர் யார் என்று செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, நானானால் கதவருகே வந்து நிற்பாள், வாடகை கேட்டு வருகிறவரானால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். "நம்மைவிட விவரம்" என்பார் அவள் அப்பா. அவர் பார்சல் வேன் ஓட்டுகிறார்.

சிட்டுவுக்குச் சாப்பாடுதான் பெரிய சங்கடம். ஓரம் வெட்டிய ரொட்டி, ஒரே ஒரு கம்பெனியின் பிஸ்கட், மசித்த உருளைக்கிழங்கு, நீலக் கோப்பையில் பால். இந்த நாலைத் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகாது. பிடிவாதம் இல்லை அது. வேறு எதையாவது தட்டில் வைத்தால் அவள் முகம் போகிற போக்கைப் பார்த்தவர்கள் பிடிவாதம் என்று சொல்ல மாட்டார்கள். நம் தட்டில் உயிரோடு பூரான் வைத்தால் நாம் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்ப்பாள். பிஸ்கட் உடைந்திருந்தால்கூடத் தொடமாட்டாள். ஒரு தடவை கம்பெனிக்காரன் பிஸ்கட்டைக் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்கவிட்டுவிட்டான். எங்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சிட்டு தள்ளிவிட்டாள். என் தங்கை ஒன்றை எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "அவ சொல்றது சரிதான்க்கா. இது வேற நிறம்" என்றாள்.

மருத்துவமனையில், சாப்பிடச் சிரமப்படும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் அம்மா ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷி. அவரைப் பார்க்க வரிசையில் எத்தனையோ பேர். இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில் வீட்டில் தாய் தகப்பன் என்ன செய்வது என்பதற்காக, அவர்தான் என் தங்கையின் போனில் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் செயலியை நான் குறை சொல்ல மாட்டேன். திறந்தால் ஒரு குளம் தெரியும். பிள்ளை சாப்பிடும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். புதிய பொருள் ஒன்றைப் பழக்க வேண்டுமானால் அதற்குப் படிகள் இருக்கும்: மேசையில் இருப்பதைச் சகித்துக்கொள்வது, தட்டில் வைக்கவிடுவது, தொடுவது, முகர்வது, உதட்டில் வைப்பது, நக்குவது, கடித்துத் துப்புவது, விழுங்குவது. பிள்ளை ஒரு படி ஏறினால் தாய் அதைத் தட்ட வேண்டும். 'ப்ளுக்' என்று, நிறைந்த குடத்தில் ஒரு சொட்டு விழுவது போலச் சத்தம் வரும். குளத்தில் ஒரு மீன் துள்ளும். அவ்வளவுதான்.

"போனை அடுத்த ரூம்ல வெச்சிடுங்க. சாப்பாடு முடிஞ்ச பிறகு போய்த் தட்டுங்க. இது உங்களுக்குத்தான், பிள்ளைக்கு இல்ல" என்று பயிற்சி அம்மா சொல்லி அனுப்பினார். நானும் கூட இருந்தேன்.

என் தங்கைக்கு அந்த வழி உடனே பிடிபட்டுவிட்டது. "இது நம்ம வேலைதான்க்கா. வெள்ளையிலேருந்து ஒரே தாவா மஞ்சளுக்குப் போக முடியாது. ஒவ்வொரு சொட்டாத்தான் போகணும்" என்றாள். சிட்டு தின்னும் பிஸ்கட்டிலிருந்து அதே வடிவில் வேறு பிஸ்கட், அதிலிருந்து இனிப்பில்லாத கேக், ரொட்டியிலிருந்து லேசாகச் சுட்ட ரொட்டி, உருளைக்கிழங்கிலிருந்து வாழைப்பழம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வாரக்கணக்கில் ஆனது. அவள் அசரவில்லை. ஒரு வருடம் போவதற்குள் நாலு பொருள் பதினொன்றாகிவிட்டது. அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைச் சிட்டு கடித்து விழுங்கிய அன்று, அவள் அப்பா வேனை நடுரோட்டில் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். "அக்கா, முட்டை! முட்டை!" என்கிறார். பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது. பிள்ளையின் பாவாடை இடுப்பை அந்த வருடம் இரண்டு முறை தளர்த்திக் கொடுத்தேன். துணியைத் தளர்த்துவதில் இத்தனை சந்தோஷம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆனால் நடுவில் எங்கேயோ போன் அடுத்த அறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

எப்போது வந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. முதலில் தட்ட மறந்துவிடுமோ என்று பக்கத்தில் வைத்திருக்கிறாள். பிள்ளை ஒரு வாய் வாங்கியதும் தட்டியிருக்கிறாள். 'ப்ளுக்'. சிட்டு மீனைப் பார்த்தாள். அடுத்த வாய் கொஞ்சம் சீக்கிரம் போனது. ஒரு நாள் கை தவறி, வாய் வாங்கும் முன்பே தட்டிவிட்டாள். சத்தம் வந்தது, சிட்டுவின் வாய் தானாகத் திறந்தது. அன்று தட்டு காலியாக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதற்கு முன் அந்த வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு என்றால் ஒரு சினிமா ஓடும் நேரம். மறுநாளிலிருந்து அவள் முதலில் தட்டினாள், பிறகு ஊட்டினாள். நாள் முழுக்க, சத்தம் வந்த பிறகு சாயம் சொட்டும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவளுக்கு அதில் கோளாறு இருப்பதாகவே தோன்றவில்லை.

முதலில் கவனித்தவர் சிட்டுவின் அப்பா, எங்கள் வீட்டு மாப்பிள்ளைதான். விளையாட்டாகத்தான் சொன்னார்.

"என் மகளுக்குச் சாப்பாடு போடறது நீயா, போனா? ரேஷன் கார்டுல யார் பேரைச் சேர்க்கறது?"

"உங்க பேரை எடுத்துட்டுச் சேர்த்துக்கலாம். அதுவாவது வேளாவேளைக்கு வீட்ல இருக்கு" என்றாள் இவள்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு நான் அங்கே சாப்பிடப் போன நாட்களில் எனக்கு என்னவோ போல இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. டிவி கிடையாது, பேச்சு கிடையாது. மின்விசிறியைக்கூட நிறுத்திவிடுவார்கள். சிட்டு தட்டைப் பார்ப்பதே இல்லை. கறுப்புப் பலகை மாதிரி மேசையில் கிடக்கும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். 'ப்ளுக்'. வாய் திறக்கும். மூடும். 'ப்ளுக்'. திறக்கும். வாய்க்குள் போனது ரொட்டியா பழமா என்று அவளுக்குத் தெரிந்ததா என்றே எனக்குச் சந்தேகம். ஒரு நாள் என் தங்கை தட்டிவிட்டு, கரண்டியை எடுப்பதற்குள் அடுப்பில் ஏதோ பொங்கியது என்று எழுந்து போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை பிள்ளை திறந்த வாயை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். எச்சில் வழிந்து சட்டையில் சொட்டியது. நான் துடைத்துவிட்டேன்.

"ஏண்டி, இந்தப் பிள்ளைக்குப் பசிக்குதா?" என்று கேட்டேன்.

"சாப்பிடறாளே அக்கா. அப்புறம் என்ன?" என்றாள். முகம் மட்டும் கொஞ்சம் சுண்டிப் போனது.

அதற்குச் சில வாரங்களில், செயலியை நடத்தியவர்கள் அதை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். அறிவிப்பு ஏதோ வந்திருக்கிறது. வேலைக்கு ஓடும் அவசரத்தில் அவள் அதைத் தள்ளிவிட்டிருக்கிறாள். போன் சார்ஜில் கிடந்தபோது தானாகவே புதுசை இறக்கிக்கொண்டது. காலையில் பிஸ்கட்டும் பாலும் எடுத்து வைத்துச் செயலியைத் திறந்தால் குளத்தைக் காணோம், மீனைக் காணோம். கலர் கலராக ஒரு நட்சத்திரம் இளித்தது. தட்டியதும் ஒரு கூட்டமே கைதட்டுகிற சத்தம் வந்தது.

சிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

அன்று மதியமும் சாப்பிடவில்லை. மாலை நீலக் கோப்பையை நீட்டினால் கோப்பையைப் பார்க்காமல் போனைப் பார்த்தாள். சத்தத்தை அணைத்துவிட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். வாயைத் திறக்கவில்லை. அடம் இல்லை, அழுகை இல்லை. காத்திருந்தாள். பஸ் வரும் என்று நம்பி நிற்கிறவள் மாதிரி, பொறுமையாக, நல்ல பிள்ளையாகக் காத்திருந்தாள். அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்கு ஓடினார். நானும் போனேன்.

"பழசு வேணுமா? அதெல்லாம் வராதுங்க. போன ரயிலைக் கைதட்டிக் கூப்பிடற மாதிரி இருக்கு" என்றான் கடைக்காரன்.

"தம்பி, என் மக சாப்பிடாம இருக்கா."

அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சாப்பாட்டுக்கும் ஆப்புக்கும் என்ன சம்பந்தம்?"

அவன் பாவம், ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்து பார்த்தான். பழசு இவர்கள் போனுக்குத் திரும்பவே இல்லை.

வீட்டில் குடத்தில் தண்ணீர் நிரப்பிச் சொட்டுவிட்டுப் பார்த்தோம். கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டிப் பார்த்தோம். பழைய வீடியோக்களைத் தேடினோம். ஒன்றில் சத்தம் இருந்தது, ஆனால் அதன்மேல் என் குரல் ஏறியிருந்தது. இதே செயலியை வைத்திருக்கும் பெற்றோரின் போன் குழுவில் கேட்டதற்கு ஒருவர் பழைய பதிவு ஒன்றை அனுப்பினார். அதில் பின்னால் ஏதோ இரைச்சல். சிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, உடனே போய்விட்டது. செருப்புச் சத்தத்தில் ஆளைச் சொல்லும் காது. அதை ஏமாற்ற முடியுமா?

பாலும் தண்ணீரும்கூட நின்றுபோன பிறகு மருத்துவமனையில் சேர்த்தோம். கையில் ஊசி குத்தி நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். உடுப்பு மாற்றும்போது பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. நான் கையோடு ஊசி நூல் வைத்திருப்பவள். அங்கேயே உட்கார்ந்து அதைப் பிடித்துத் தைத்தேன். தளர்த்திவிட்ட இடத்தையெல்லாம் மறுபடி உள்ளே மடித்து, அதற்கும் உள்ளே மடித்து.

டாக்டர் மறைக்காமல் சொன்னார். "நீர் ஏத்தறது தாகத்துக்குத்தான். சாப்பாடு ஆகாது. சர்க்கரை இறங்கிட்டே இருக்கு. நாளைக் காலை வரைக்கும் பார்க்கலாம். அதுக்குள்ள வாய்வழியா எதுவும் போகலைன்னா மூக்கு வழியா குழாய் விட்டுத்தான் ஆகணும்."

அன்று மதியம்தான் அந்தச் செய்தி வந்தது. குழுவில் ஒரு தாய். ரொம்பத் தூரத்து ஊர். அவர் மகன் இப்போது தானாகச் சாப்பிடுகிறான், பழைய போன் ஒன்று இணையம் இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது, அதில் அந்தக் குளமும் மீனும் அப்படியே இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். மாப்பிள்ளை செய்தியை முழுசாகப் படித்தாரா என்றுகூடத் தெரியாது. வேன் சாவியோடு கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு பயிற்சி அம்மா வார்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. "சாப்பிட வைக்கணும்னு எல்லா அம்மாவும் எதையாவது பிடிச்சுக்குவாங்க. நீங்க பிடிச்சுக்கிட்டது இது" என்றார்.

"அந்தப் போன் வந்துட்டா சாப்பிடுவாளா?" என்று கேட்டாள் என் தங்கை.

"அநேகமா சாப்பிடுவா."

"அந்தப் போன் கெட்டுப் போனா?"

பயிற்சி அம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குழாயைப் பார்த்துப் பயப்படாதீங்க. அது தண்டனை இல்ல. வயித்துக்கு ஒரு வழி. அந்த வழி இருக்கும்போது வாயை அவசரப்படுத்த வேண்டியதில்ல. ஆனா ஒண்ணு. குழாய் போட்ட பிள்ளைங்க சிலருக்கு வாய்வழிச் சாப்பாடு திரும்ப ரொம்ப நாளாகும். சிலருக்கு... அதையும் சொல்லிடணும். முடிவு உங்களுதுதான்" என்றார்.

காலையில் சர்க்கரை இன்னும் இறங்கியிருந்தது. மாப்பிள்ளை வழியில் இருந்தார். போனில், "வந்துட்டே இருக்கேன், நெருங்கிட்டேன், யாரையும் கிட்ட விடாதே" என்றார். டாக்டர் கதவருகே நின்றார். என் தங்கை மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கடை வாசலில் மூடியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கும்போது இருக்கும் அதே முகம்.

"குழாய் போடுங்க டாக்டர்" என்றாள்.

போடும்போது சிட்டுவை நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அதை நான் எழுதப்போவதில்லை.

மாப்பிள்ளை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு குழந்தைத் துண்டில் சுற்றிய போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தவர், மகளின் மூக்கில் ஒட்டியிருந்த குழாயைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா உனக்கு?"

"முடியலை."

"சரி, விடு. இப்போ ஆன் பண்றேன். சாப்பிடுவா. சாப்பிட்டதும் இதைப் பிடுங்கச் சொல்லு."

"ஆன் பண்ணாதீங்க."

"என்ன?"

"அவ வயித்துல இப்போ பால் இருக்கு. உயிருக்கு இப்போ பயமில்ல. அதை ஆன் பண்ணாதீங்க."

"பைத்தியமா உனக்கு? ஊசி முனையில நின்னு ஓட்டிட்டு வந்திருக்கேன். அக்கா, நீங்களாவது சொல்லுங்க!"

எனக்கும் அந்தக் கணத்தில், தட்டிவிட்டால் என்ன என்றுதான் இருந்தது.

என் தங்கை குரலை உயர்த்தவில்லை. "போன வருஷம் முழுக்க அவ பசிச்சுச் சாப்பிட்டாளா, சத்தத்துக்குச் சாப்பிட்டாளான்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நாலு பொருள் தின்னப்போ அவளா கைநீட்டி எடுத்துத் தின்னா. பதினொண்ணு ஆனப்போ ஒண்ணைக்கூட அவளா எடுக்கலை. நான்தான் எண்ணிட்டு இருந்தேன். அவ எண்ணலை. இப்போ இதைத் தட்டினா வாய் திறக்கும். எனக்குத் தெரியும். அது திறக்கிற அழகைப் பார்த்துட்டா அப்புறம் என்னால நிறுத்த முடியாதுங்க. அதான் சொல்றேன். என் கண் முன்னாடி தட்டாதீங்க."

அவர் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்.

குழாயோடு வீட்டுக்கு வந்தோம். வேளாவேளைக்கு ஊசிக்குழலில் பாலை ஊற்றி உயர்த்திப் பிடிக்க என் தங்கை கற்றுக்கொண்டாள், நானும் கற்றுக்கொண்டேன். பிள்ளையின் கன்னம் கொஞ்சம் தேறியது. ஆனால் வாய்வழியாக எதுவும் இல்லை. அந்தப் போன் துணி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அறைக்குள் நுழைகிற ஒவ்வொருவர் கண்ணும் ஒரு தடவை அந்தத் தட்டுக்குப் போய்விட்டுத்தான் திரும்பும். வீட்டில் ஒரு நோயாளி இருக்கும்போது, மூலையில் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பது போல.

குழுவில் இன்னொரு தாய் எழுதினாள். அவள் பிள்ளையும் புதுச் சத்தம் வந்ததிலிருந்து சாப்பிடவில்லை. பழைய போன் யாரிடமாவது இருக்குமா என்று கெஞ்சியிருந்தாள்.

என் தங்கை அதை எங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு, "அனுப்பிடலாம்" என்றாள்.

"வேணாம்னு நீதானே சொன்னே? அவங்களுக்கு மட்டும் நல்லதா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"நமக்கு வேணாம்னு நான் முடிவு பண்ணலாம். அவங்களுக்கு வேணாம்னு நான் எப்படிங்க முடிவு பண்றது? நமக்கு நடந்ததை எல்லாம் எழுதிச் சொல்லிட்டேன். அப்பவும் வேணும்னாங்க."

"அப்போ நமக்கு வேணும்னா? நாளைக்கு நமக்கே வேணும்னா?"

அவள் துண்டையும் மடித்து உள்ளே வைத்து அட்டைப்பெட்டியை ஒட்டினாள். அவர் வேனிலேயேதான் அது போனது. வாழ்நாளில் எத்தனையோ பெட்டி ஏற்றியவர், அந்தச் சின்னப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகு அவள் ஒன்று செய்ய ஆரம்பித்தாள். பயிற்சி அம்மாவிடம் கேட்டுக்கொண்டு செய்ததுதான். சாப்பாட்டு நேரத்தில் சிட்டுவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பிள்ளைக்கு முன்னாலும் ஒரு தட்டை வைத்து, தன் சாப்பாட்டைத் தான் சாப்பிடுவாள். ஊட்ட மாட்டாள். "ஒரு வாய்" என்று சொல்ல மாட்டாள். தட்டைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டாள், ஏங்கவும் மாட்டாள். மின்விசிறி சுற்றும். நாங்கள் பேசுவோம். மாப்பிள்ளை ஏதாவது கிண்டலடிப்பார், அவள் திருப்பிக் கிண்டலடிப்பாள். முன்போல. சிட்டு தட்டைத் தொடுவதில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு, எங்கிருந்தோ வரவேண்டிய ஒன்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

போன தடவை டாக்டர் தேதி குறித்துக் கொடுத்துவிட்டார். மூக்குக் குழாயை இப்படியே வைத்திருக்க முடியாதாம். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் வாய்வழியாகக் கொஞ்சமாவது போக ஆரம்பிக்கவில்லை என்றால், வயிற்றில் சின்னத் துளை போட்டு அங்கிருந்து குழாய் வைப்பது பற்றிப் பேச வேண்டும் என்றார். அதைக் கேட்டுத்தான் கடைக்கு வருகிறவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். மாப்பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, அவர் கண்ணிலும் அது இருக்கிறது. அவள் செய்தது சரியா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. குழாயோடு கிடக்கும் மகளின் அருகில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு சத்தத்தைத் தட்டாமல் இருக்க என்னால் முடிந்திருக்காது. அது மட்டும் தெரியும்.

நேற்று மதியம் நான் அங்கே இருந்தேன். என் தங்கை ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். சுட்ட ரொட்டி, மொறுமொறுவென்று. சிட்டு நாற்காலியில் முட்டி போட்டு எழுந்து, அம்மாவின் பக்கம் சாய்ந்து, உள்ளங்கையை அவள் கன்னத்தில் வைத்தாள். தாடை அசையும் இடத்தில். அப்படியே வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் தன் காதை வைத்தாள்.

என் தங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கேள்வி எனக்குப் புரிந்தது. பிள்ளைக்குச் சாப்பாட்டு நினைவு வருகிறதா, இல்லை, அந்தச் சத்தம் போன இடத்தில் வைத்துக்கொள்ள இன்னொரு சத்தத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாளா? இது பழகிவிட்டால் இந்தத் தாடையை விட்டு இவளும் நகர முடியாது.

"அக்கா, என்ன பண்ணட்டும்?" என்று தாடையை அசைக்காமல், உதட்டால் மட்டும் கேட்டாள்.

மாப்பிள்ளை சுவரோரம் தம்ளரைப் பிடித்தபடி நின்றார். குழாயின் முனை அம்மாவின் தோளில் உரசிக்கொண்டிருக்க, சிட்டு கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் தங்கை ரொட்டியை இன்னொரு கடி கடித்து, மொறுமொறுவென்று மென்றாள்.